திருவிழாவுக்கு வந்த பூநாரைகள்

"நான் ஒருத்தருக்கும் அடிமையில்லை!"

கோப்பாய் கேதீஸ்வரன் இதை நல்லாய் உரத்துத்தான் சொன்னார். மனிசி கனகாம்பிகை அந்த நேரம் சந்தைக்குப் போயிருந்தாள்.

மனுசன் கொதித்ததிலும் நியாயம் இருக்கிறது. ஓகஸ்ட் மாதம், நல்லூர் முருகன் கோயிலில் கொடியேறிப் பத்து நாள். திருவிழா இருபத்தைந்து நாளும் அந்த வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது. கத்தரிக்காய், பூசணிக்காய், திரும்பவும் கத்தரிக்காய்! நண்டு போட்டு, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழை நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கியது. கரையோரக் குருநகரில் சிநேகிதன் தேவராசா வீட்டில் ஞாயிறென்றால் கூழ்தான். அவர்கள் கத்தோலிக்கர், நல்லூர்க் கொடிக்கும் அவர்கள் அடுப்புக்கும் சம்பந்தமில்லை.

ஞாயிறு காலை தொப்பி, காலில் சப்பாத்து, கழுத்தில் பைனாகுலர்.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?"

"கடற்கரைப் பாதையாலை நடக்கப் போறன். மனிசரெண்டால் இயற்கையை ரசிக்கவேணும்."

"வீட்டு முத்தத்திலை காகம் நிக்குது."

"காகமில்லையப்பா, பூநாரை! கரை முழுக்க நிக்குதாம். நீ மறிச்சாலும் நான் போவன்!"

"ஆர் மறிச்சது? வடிவாய்ப் பாத்துக்கொண்டு வாங்கோ."

இவ்வளவு லேசாய் விட்டாளே என்று அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். எங்கே யோசித்தார்!

பாதை உண்மையிலேயே அழகுதான். கடற்காற்று முகத்தில் அடித்தது. ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று அவரையே பார்த்தது. கண்டல் மரங்களுக்குக் கீழே சின்ன நண்டுகள் குடுகுடுவென்று ஓடின. கேதீஸ்வரன் நண்டுகளை மட்டும் பார்த்தார். நடை தானாக வேகமெடுத்தது.

தேவராசாவின் மனிசி மக்டலீன் வைத்த கூழில் மூன்று கோப்பை உள்ளே போன பிறகுதான் முருகன் நினைவு வந்தது. ஐயோ, மச்சம் தின்ற உடம்போடு சாமியறை உள்ள வீட்டுக்குள் கால் வைக்கிறதா? அவர் மனிசியை எதிர்ப்பார்; முருகனோடு சரிவராது. அங்கேயே கிணற்றடியில் முழுகிவிட்டு வீடு திரும்பினார்.

"என்னப்பா, தலை ஈரமாய்க் கிடக்கு?"

"பூநாரையள் செட்டையடிச்சதிலை தண்ணி தெறிச்சுப்போட்டுது."

"எத்தினை நிண்டது?"

"இருநூறு!"

"கண்கொள்ளாக் காட்சிதான்" என்றபடி அவள் கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

அவ்வளவுதானா? முப்பது வருசமாய் இவளுக்கா பயந்தேன் என்று கேதீஸ்வரனுக்கு வெட்கமாகவே போய்விட்டது. அடுத்த ஞாயிறு அந்தக் கரையோரம் தன் சொந்தக் காணி போல நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். கொக்குக்குக் கூடக் கையைக் காட்டினார்.

மக்டலீன் கோப்பையை நிரப்பித் தந்தாள். கரண்டியால் துழாவினார். மரவள்ளி. பயிற்றங்காய். பலாக்கொட்டை. அடிவரை துழாவினார். அங்கேயும் மரவள்ளிதான்.

"தங்கச்சி, நண்டெங்கை?"

"கனகாம்பிகை அக்கா காலமை போன் எடுத்தவா, அண்ணை. பறவை பாக்கப் போன மனிசன் முழுகிப்போட்டு வாறார், உங்கை மச்சம் ஒண்டும் குடுக்கவேண்டாமெண்டு சொன்னவா."

பக்கத்தில் இருந்த தேவராசா தன் கோப்பைக்குள் குனிந்துகொண்டான்.

கேதீஸ்வரன் எழும்பிவிட்டார். "நான் என்ன சின்னப் பிள்ளையோ? அவ சொன்னால்? நான் சொல்லுறன், நண்டைப் போடு!"

"போடலாமாம், அண்ணை" என்றாள் மக்டலீன். "பூநாரை மாரிமழைக்குப் பிறகுதானாம் இந்தக் கரைக்கு வாறது. அந்த இருநூறும் வந்து சேர்ந்த உடனை நண்டைப் போடட்டாம்."