ஏழு மணி இசையும் வராத தையல்காரியும்

அந்தத் தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை என் மனைவி ஏன் கேட்கிறாள் என்று கண்டுபிடித்தே தீருவது என ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாயெல்லாம் நுரையோடு முடிவெடுத்தேன். பெரிய முடிவுகளை நான் பல் துலக்கும்போதுதான் எடுப்பது. அப்போதுதான் வீட்டில் யாரும் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள். கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். ஊராரின் பார்வையைச் சரிசெய்வது தொழில். கூடவே என் பார்வையையும் கொடுத்தனுப்புவது பழக்கம். கருவியில் தாடையை வைத்து, நெற்றியை ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவரைப் போல ஒரு நல்ல ரசிகர் உலகத்தில் கிடையாது. எழுந்து போக முடியாது. மறுத்துத் தலையாட்டவும் முடியாது.

அவர்களிடம் சினிமா பற்றிச் சொல்வேன். முதல் பாதியில் கண்ணாடி போட்டிருக்கும் பெண், இரண்டாம் பாதியில் அதைக் கழற்றியதும் பேரழகி ஆகிவிடுகிறாள். கழற்றினால் எதிரில் நிற்கும் கதாநாயகன் அவளுக்கு ஒரு புகைமூட்டமாகத்தான் தெரிவான், அதனால்தான் காதலிக்கிறாள் என்பது என் கருத்து. துப்பறியும் நாவல்களில் கடைசி அத்தியாயத்தில் முதல்முறையாக வந்து, வந்த வேகத்தில் கொலைகாரனாகிவிடுகிறவர்களை மன்னிக்கவே கூடாது என்பேன். நகைச்சுவை என்றால், வழுக்கி விழுகிறவன் சிரிப்பில்லை. அவன் விழுவதைப் பார்த்துக்கொண்டே தேநீரை ஊதி ஊதிக் குடிக்கிறானே, அவன்தான் சிரிப்பு.

என் மனைவி அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்ப்பாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்ப்பாள். மற்றபடி ரசனைக்காரி. ஒரு நாவலில் நல்ல வரி எது என்று சரியாகச் சொல்வாள். நகைச்சுவைக் காட்சியில் நான் சிரிக்கும் இடத்துக்கு அரை நொடி முன்பே சிரித்துவிடுவாள். இது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்படிப்பட்டவள், சில மாதங்களாகச் சாயங்காலம் ஏழு மணி அடித்தால் தொலைக்காட்சியைப் போட்டு அந்த முகப்பிசையை வீடு அதிர வைக்கிறாள். முதலில் ஒரு வயலின் அழும். என்னம்மா ஆச்சு என்று விசாரிப்பதற்குள் இன்னும் ஏழெட்டு வயலின்கள் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும். நடுவில் ஒரு பெண் கதவிடுக்கில் விரல் மாட்டியவளைப் போல 'ஆ' என்று இழுப்பாள். அப்புறம் ஒவ்வொரு முகமாகத் திரும்பும். திரும்பும் முகத்துக்கெல்லாம் ஓர் இடி. கூட்டுக் குடும்பம் வேறு, இடிக்குப் பஞ்சமே இல்லை. இசைக்கும் வசைக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இதில் அந்த ஓர் எழுத்தையும் காணோம்.

முதல் வயலின் அழும்போதே நான் செருப்பை மாட்டிவிடுவேன். இடி இறங்குவதற்குள் தெருமுனையில் இருப்பேன். எவ்வளவு நேரம் ஓடும் தொடரோ, எதற்கு வம்பு என்று பூங்காவைச் சுற்றியும் அதற்கப்பால் அஞ்சலகத் தெரு வழியாகவும் ஒரு பெரிய வட்டம் போட்டுவிட்டுத்தான் திரும்புவேன். போகும்போதும் வரும்போதும் ஒரே யோசனை. இவளுக்கு இது எப்படிப் பிடிக்கும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வெளியேறி, தெருமுனை வரை போய், பூனைபோலத் திரும்பி வந்தேன். கூடத்துச் சன்னலுக்கு வெளியே, செம்பருத்திச் செடிக்கும் சுவருக்கும் நடுவே ஒண்டிக்கொண்டேன். கடைசி இடி விழுந்தது. சட்டென்று வீடே அமைதியானது. எட்டிப் பார்த்தேன். தொலைக்காட்சி அணைந்திருந்தது. என் மனைவி சாய்வு நாற்காலியில் கால்களை முக்காலிமேல் நீட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு கோப்பைத் தேநீரோடு, புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் எங்கள் கல்யாணப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

முகப்பிசையை மட்டும் கேட்டுவிட்டுத் தொடரைப் பார்க்காத மனிதர் யாராவது உண்டா? கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளித்ததும் உள்ளே போகாமல் வீட்டுக்குத் திரும்புகிறவரைப் போல.

அன்று சாப்பிடும்போது, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

"இன்னிக்கு உன் தொடர்ல என்ன ஆச்சு?"

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி ஒரு கணம் நின்றது. ஒரு கணம்தான்.

"புதுசா ஒரு தையல்காரி வந்திருக்கா," என்றாள். "ஒருத்தன் சட்டைக்குத் துணி கொடுத்து அளவும் கொடுத்துட்டுப் போறான். அவனுக்கு இடது கை, வலது கையைவிட ஒரு விரல் குட்டை. தைச்சு வெச்சுட்டா. ஆளு வரல. ரொம்ப நாள் கழிச்சு வேற ஒருத்தன் வர்றான். முகம் வேற, குரல் வேற, வயசுகூட வேற. அளவெடுக்கிறா. கழுத்து, தோள், மார்பு எல்லாம் அதே அளவு. இடது கை ஒரு விரல் குட்டை."

"அப்புறம்?"

"அப்புறம் இடி இடிச்சுது. முடிச்சுட்டாங்க."

அணைத்து வைத்த பெட்டியில் எங்கே இடித்தது என்று கேட்டிருக்கலாம். ஆனால் துப்பறிகிறவன் அவசரப்படக்கூடாது. மறுநாளும் கேட்டேன். இரண்டாவது ஆள், கொக்கியில் தொங்கும் அந்தப் பழைய சட்டையைப் பார்த்துவிட்டு, 'இன்னும் இங்கதான் இருக்கானா?' என்று கேட்டானாம்.

"இருக்குதான்னு கேட்டிருப்பான். சட்டை அஃறிணை," என்றேன்.

"இல்லை. இருக்கானான்னுதான் கேட்டான். பிழை பார்க்கிறது என் வேலைங்க. நல்லாக் கேட்டேன்."

சாதத்தைப் பிசைந்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தொடரை ஒருநாள் விடாமல் பார்க்கிறவர் எங்கள் கடைக்கு வரும் வங்கிக் காசாளர் அம்மாள். அவர் கண்ணாடியை மாற்ற வந்தபோது, கருவியில் தாடையை வைத்ததும் விசாரித்தேன். பல்லைக் கடித்தபடியே முழுக் கதையையும் சொன்னார். மூத்த மருமகள் பாலில் எதையோ கலந்துவிட்டாளாம். அதை யார் குடிக்கப் போகிறார் என்று மூன்று வாரமாகக் காட்டுகிறார்களாம். இந்நேரம் பால் திரிந்திருக்குமே என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. தையல்காரி யாராவது உண்டா என்று கேட்டேன். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் கடையில் வாங்கிய பட்டுப்புடவையில்தான் தூங்கவே செய்கிறார்கள், தையல்காரிக்கு அங்கே என்ன வேலை என்றார்.

ஆக, என் மனைவி கதை விடுகிறாள். எதற்காக?

விடை மருத்துவரிடமிருந்து வந்தது. மாதப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ரத்தத்தில் சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டது, தினமும் நடப்பது தெரிகிறது என்று முதுகில் தட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முன்பு ஒருமுறை சாயங்காலம் நடக்கச் சொன்னபோது நான் அவரிடம் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தேன்: சினிமாவில் சாயங்காலம் தனியாக நடப்பவன், ஒன்று காதலில் தோற்றவன், இல்லை அடுத்த காட்சியில் கொலையாகப் போகிறவன். நான் இரண்டும் இல்லை.

"நான் நடக்கறதில்லையே டாக்டர்," என்றேன்.

"உங்க வீட்டம்மா அப்பவே சொன்னாங்க, வாய் வழியா சொன்னா இவர் கேக்கமாட்டார், காது வழியா மருந்து குடுக்கறேன்னு. நல்லா வேலை செய்யுது. நிறுத்திடாதீங்க."

காது குத்துவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வயலின் வைத்துக் குத்துவதை அன்றுதான் அறிந்தேன். மாதக்கணக்கில் நான் இசையை வெறுத்து வெளிநடப்புச் செய்வதாக நினைத்திருக்கிறேன். வெறும் நடப்புத்தான் செய்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே பதிலடியைத் தீர்மானித்துவிட்டேன். ஏழு மணி ஆனது. வயலின் அழுதது. நான் அசையவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை முக்காலிமேல் நீட்டினேன். அந்தப் பெண் 'ஆ' என்று இழுத்தபோது ஒரு கண்ணை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். இடிகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டேன். என் மனைவி கையில் புத்தகத்தோடு வாசற்படியில் நின்று பார்த்தாள். அப்புறம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடர் முழுவதையும் இருவரும் பார்த்தோம். பால் இன்னும் மேசைமேல்தான் இருந்தது.

வெற்றி என்னுடையது. சாப்பிட உட்கார்ந்தோம். முதல் கவளத்திலேயே எனக்கு அந்த நினைப்பு வந்துவிட்டது.

"தையல்காரி என்ன ஆனா?"

"நீங்களும்தானே பார்த்தீங்க. வந்தாளா?"

"வரல."

"அப்ப எனக்கு எப்படிங்க தெரியும்?"

மறுநாளும் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும். பாலை ஒரு பூனை நெருங்கியது, இடி இடித்தது, பூனை விலகியது. எனக்குப் பூனையிலும் அக்கறை இல்லை, பாலிலும் இல்லை. அந்த இரண்டாவது ஆள் யார்? இரட்டையர் என்றால் முகம் ஒன்றாக இருந்து அளவு மாறலாம். அளவு ஒன்றாக இருந்து முகம் மாறுமா? 'இருக்கானா' என்றால் சட்டைக்குள் எவன் இருக்கிறான்? கடையில் ஒருவரை ஒரே வரியை நான்கு முறை படிக்க வைத்துவிட்டேன். நான்காம் முறை அவர், "சார், எழுத்து தெரியுது. நீங்கதான் தெரியல," என்றார். வந்தவர்களின் கைகளை எல்லாம் பார்க்க ஆரம்பித்தேன். கண் பரிசோதிக்க வந்த வழக்கறிஞர் ஒருவரிடம் இடது கையை நீட்டச் சொன்னேன். நீட்டினார், ஆனால் சந்தேகமாக நீட்டினார்.

நான் படித்த நாவல்கள் எத்தனை, பார்த்த படங்கள் எத்தனை. எதன் முடிவையும் பாதியிலேயே சொல்லிவிடுவேன் என்று பெயர் வாங்கியவன். சாப்பாட்டு மேசையில் கரண்டியோடு ஒருத்தி இட்டுக்கட்டிய கதையில் மாட்டிக்கொண்டு முழித்தேன். அதைவிட வேதனை, அது நல்ல கதை. குறை சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை.

வார இறுதியில் தோற்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய், தொடரில் தையல்காரியே கிடையாது என்று எனக்குத் தெரியும் என்றேன். செடிக்குப் பின்னால் நின்றதையும், காசாளர் அம்மாளையும், மருத்துவரையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அன்னிக்குச் சட்டைப் பையில செம்பருத்தி இலை இருந்துச்சு."

"சரி, அது போகட்டும். அந்த ரெண்டாவது ஆள் யாரு?"

"எனக்கே இன்னும் தெரியாதுங்க."

"எப்பத் தெரியும்?"

அவள் என் சட்டையொன்றை உதறி, தோளோடு தோள் சேர்த்து மடித்தாள். பிறகு, வீடு அமைதியாக இருந்தால்தான் தனக்கு யோசனை ஓடுகிறது என்றும், சாயங்காலம் ஒரு மணி நேரம் அப்படிக் கிடைத்துக்கொண்டிருந்தது என்றும், இந்த வாரம் முழுக்க மேசைமேல் ஒரு பாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றும் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் ஏக்கம்தான் இருந்தது. அவளுக்கும் அந்த ஆள் யார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊருக்கெல்லாம் பிழை திருத்துகிறவள். தனக்கென்று ஒரு கதை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் செருப்பை மாட்டினேன். தொலைக்காட்சியைப் போடுவதற்குள்ளேயே வாசலைத் தாண்டிவிட்டேன். பெட்டியைப் போட வேண்டாம், நானே போய்விடுகிறேன் என்று படியில் நின்று சொல்லவும் செய்தேன்.

பூங்காவில் எனக்கு முன்னால் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் வேகமாக நடந்துகொண்டிருந்தார். கனத்த உடம்பு, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவர் நடந்து நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்துக்கே வண்டியில் போகிறவர். எட்டிப் பிடித்து, இந்த வயதில் ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். எங்கள் வீட்டுக் கதை யாருக்கும் தெரியாது என்ற மிதப்பில், சும்மா காற்று வாங்க வந்தேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் நடையைக் குறைக்காமலே பேசினார்.

"உங்க வீட்டம்மா காலைல துணி காயப்போடும்போது எங்க வீட்டம்மாகிட்ட கதை சொல்றாங்க சார். நான் விடியக்காலைல ஒரு சுத்து நடந்தாத்தான் இவங்க எனக்கு அன்னிக்கான பாகத்தைச் சொல்வாங்க. இந்த வாரம் நீங்க வீட்லயே உக்காந்துட்டீங்களா, கதை நின்னுபோச்சு. நம்ம தெருவுல மூணு வீட்டுல ஆம்பளைங்க தவிச்சுப்போயிட்டோம். இன்னிக்கு நீங்க செருப்பு மாட்டறதைச் சன்னல்ல பார்த்துட்டுத்தான், விடியற வரைக்கும் பொறுக்காம எல்லாரும் கிளம்பியிருக்கோம்."

திரும்பிப் பார்த்தேன். மருந்துக்கடைக்காரரும், அஞ்சல்காரரும் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார்கள். இருவரும் எனக்குக் கும்பிடு போட்டார்கள்.

"அந்த ரெண்டாவது ஆளு யாருன்னு நாளைக்குத் தெரிஞ்சுடுமா சார்?" என்றார் அஞ்சல்காரர்.

வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அதைத்தான் அவளிடம் கேட்டேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அது ரெண்டு சுத்துக் கதைங்க."