வாய்க்கால் கரையில் கார் ஓட்டிக் காட்டிய கதை

ஒரு துணை தாசில்தாரை நான் காரோடு வயலுக்குள் இறக்கியிருக்கிறேன். வேண்டுமென்று அல்ல. ஆனால் பாளையங்கோட்டையில் எங்கள் சபைக்காரர்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். மறுத்து மறுத்து அலுத்துப்போய், இப்போது நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

திருமணமாகி இருபத்திரண்டு வருடங்களில் ஏழு வாடகை வீடுகள் மாறியிருந்தோம். ஏழு வீட்டு ஜன்னலுக்கும் ஒரே திரைச்சீலைதான். எந்த வீட்டிலும் அது சரியாகப் பொருந்தியதில்லை. அதனால், தாமிரபரணிக் கரையோரம் ஒரு கிராமத்தில் புதிதாகப் போட்ட மனைகளைப் பார்க்கப் போனபோதே நான் மயங்கிவிட்டேன். (கிராமத்தின் பெயர் வேண்டாம். வழக்கு இன்னும் நடக்கிறது.) என் கணவர் சாமுவேல் மனை நடுவில் நின்று, "ஸ்டெல்லா, ஆத்துச் சத்தம் கேக்குது பாரு" என்றார். அது யாரோ ஒருவருடைய மோட்டார் பம்ப் சத்தம் என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்கும் ஆறாகத்தான் கேட்டது.

வாங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மனை விற்றவர் "இருபத்துமூன்று அடி ரோடு" என்று காட்டியது வாய்க்கால் கரையை. அதில் ஊர்க்காரர்கள் நடப்பார்கள், மாடு போகும், டி.வி.எஸ் போகும். செங்கல் லாரி போகக்கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானமே போட்டுவிட்டார்கள். விற்றவரோ போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

மனை வாங்கியவர்கள் சங்கம் வைத்து, அவர்மேல் வழக்குப் போட்டோம். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். பாதை கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்குப் பதினொரு மனு எழுதினேன். ஒவ்வொன்றிலும் வரைபடம், திசைக்குறி, அளவுகோல். (நான் புவியியல் டீச்சர். இதை நினைவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.) பதினொன்றாவது மனுவுக்கு அசைந்து, துணை தாசில்தார் நேரில் பார்க்க வந்தார்.

கரையில் இரண்டு கூட்டமாக நின்றோம். எதிரே ஊர்க்காரர்கள் கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் இசக்கியம்மாள். கரையை ஒட்டியே அவருக்கு வயல். பஞ்சாயத்துத் தலைவர், "இதுல கார் போவாது சார்" என்றார் அமைதியாக. அந்த அமைதிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் போவாது? நான் ஓட்டிக் காட்டுதேன்" என்றேன்.

கார் என் கொழுந்தனுடையது. லைசென்ஸ் என்னுடையது, வாங்கி ஆறு மாதம். சாமுவேல் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் அதை விடுவித்துக்கொண்டு, அதோடு நிறுத்தாமல், "சார், நீங்களும் ஏறுங்க" என்றேன். பாவம், நல்ல மனிதர். மனுக்கள் இருந்த கோப்புக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

பாதி தூரம் அருமையாகப் போனது. கண்ணாடியில் எங்கள் சங்கத்தார் கை தட்டுவதைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தபோது, எதிரே ஒரு மயில் கரையில் ஏறி நின்றது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடதுபக்கம் ஒடித்தேன். மயிலுக்கு வழி கிடைத்தது. எங்களுக்குக் கரை போய்விட்டது.

"டீச்சர், வண்டி எறங்குது."

"தெரியுது சார்."

"நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன் சார். அதுவாப் போகுது."

கவிழவில்லை. பைய, மிகுந்த மரியாதையோடு சரிந்து, நட்டு நாலு நாளான நாற்றின் மேல் போய் உட்கார்ந்தது. கோப்பு சேற்றில் விழுந்தது. துணை தாசில்தார் அதை எட்டிப் பார்த்தார். பிறகு அவர் கேட்டார்: "பள்ளிக்கூடத்துல என்ன பாடம் நடத்துதிய?"

"புவியியல் சார்."



முதலில் வயலில் இறங்கி ஓடி வந்தவர் இசக்கியம்மாள். அது அவருடைய வயல். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "அடி கிடி பட்டிருக்கா? கையக் குடுங்க டீச்சர்" என்று என்னை வெளியே இழுத்தார். கோப்பையும் அவரே எடுத்து, வாய்க்காலில் அலசி, சாருடைய கையில் கொடுத்தார். காரை இழுத்ததும் அவருடைய தம்பியின் டிராக்டர்தான்.

கார் மேலே வந்தபிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்கு வீடு வேணும். ஞாயந்தான் டீச்சர். ஆனா ஒத்தக் காருக்கே கரை இந்தா ஒடைஞ்சுட்டு. லாரி வந்தா என்னாவும்? கரை போச்சுன்னா கீழ உள்ள வயலுக்கெல்லாம் தண்ணி எங்கன இருந்து வரும்?"

நான் எழுதிய பதினொரு மனுவிலும் தண்ணீர் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

மறுநாள் நானும் சாமுவேலும் போய் அந்த இடத்தில் நாற்று நட்டோம். நான் நட்ட வரிசையைப் பார்த்துவிட்டு, இசக்கியம்மாள் எல்லாவற்றையும் பிடுங்கித் திரும்ப நட்டார். அறிக்கையும் பின்னாலேயே வந்தது: "மனுதாரரே வாகனத்தை இயக்கிக் காட்டியதில், மேற்படி பாதை வாகனங்கள் செல்லத் தகுதியற்றது என்பது ஐயமின்றித் தெளிவாகிறது." சங்கம் என்னைச் செயலாளர் பதவியிலிருந்து விடுவித்தது. மாற்றுப்பாதைக்கு அளவெடுக்க உத்தரவானது. இன்னும் அளக்கிறார்கள்.

நாங்கள் எட்டாவது வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆனால் நடப்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மனைக்குப் போய்விடுவோம். ஒவ்வொரு வாரமும் சாமுவேல் பையில் நாலைந்து செங்கல் கொண்டுவந்தார். கட்டுவதற்கு அல்ல, எங்கே என்ன வரும் என்று தரையில் வரிசை வைப்பதற்கு. இது ஹால், இது படுக்கையறை, ஆற்றைப் பார்த்தபடி சமையலறை. நான் சமையலறையில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றுவேன், அவர் ஹாலில் பேப்பர் படிப்பார். ஆற்றுக்காற்று எல்லா அறைக்கும் வரும். சில நாள் அவர் பேப்பரை மடித்துவிட்டு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். நான் கேட்பதில்லை. எனக்கும் அதே வீடுதான் தெரிந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் இசக்கியம்மாள் ஒரு கட்டு கீரையோடு நேராக எங்களை நோக்கி வந்தார். செங்கல்லைத் தாண்டக் காலைத் தூக்கியபோது சாமுவேல் பதறி, "அக்கா, அங்கன சுவரு இருக்கு!" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, முகம் சிவந்துவிட்டது. இசக்கியம்மாள் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். மனையைச் சுற்றிக்கொண்டு, செங்கல் இல்லாத இடைவெளிக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். "உள்ள வரலாமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைந்தார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், வேண்டுமென்றே செங்கல் மேல் காலைத் தூக்குவாள். நான், சாமுவேல், கீரைக்கட்டோடு இசக்கியம்மாள் மூவரும் ஒரே குரலில் கத்துவோம்: "அங்கன சுவரு இருக்கு!"

அவள் சிரித்துக்கொண்டே சுற்றி, வாசல் வழியாக வருவாள்.