பெயர் நீக்கப்பட்ட ஆசிரியரின் அப்பா எழுதுவது

பெருமதிப்பிற்குரிய ஆய்விதழ் ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் துணையாசிரியர்களும், கட்டுரைகளை மதிப்பிடும் முகம் தெரியாத அறிஞர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மகளின் வலது கையைத் தவிர நாங்கள் அனைவரும் நலம்.

நேற்று மாலை தங்களுக்கு ஒரே ஆய்வுக் கட்டுரை பல தடவை வந்திருக்கும். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, தாங்கள் எண்ணியிருப்பீர்கள். எழுதியது என் மகள், அனுப்பியது நான். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரே கட்டுரையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை சமர்ப்பித்தால் அது பரிசீலிக்கப்படாது என்று தங்கள் விதிமுறையில் இருப்பதை இன்று காலை காபி குடிக்கும்போதுதான் படித்தேன். காபியை அப்படியே வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அவளுக்கு இன்னும் தற்காலிக வேலைதான். இந்தக் கட்டுரையைத் தாங்கள் ஏற்றுக்கொண்டால்தான் நிரந்தரம் என்று அவள் துறைத்தலைவர் சொல்லிவிட்டார். ஆகவே முதலில் வந்த பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கிழித்துப்போடும்படி, கம்ப்யூட்டரில் எப்படிக் கிழிப்பீர்களோ அப்படி, கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். மகளின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். எழுதியவர் யார் என்று தெரியக்கூடாது என்பது தங்கள் விதி. அதை நான் உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுவேன். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டுக்கு எதிரே கேமரா வைத்து, ஏற்கனவே அமுக்கி விளக்கு எரிந்துகொண்டிருக்கும் பொத்தானை மனிதர்கள் ஏன் திரும்பத் திரும்ப அமுக்குகிறார்கள் என்று ஆராய்ந்தாள். இதற்கு எதற்கு ஆராய்ச்சி, லிஃப்ட் வரவில்லை, அமுக்குகிறார்கள், அவ்வளவுதானே என்று நான் அப்போதே சொன்னேன். என் பேச்சை யார் கேட்கிறார்கள்? கட்டுரை முடிந்த நேரம் பார்த்து அந்த லிஃப்டே பழுதாகி, இவள் படியில் இறங்கி, வழுக்கி விழுந்து, கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றாள். "எழுத வேண்டியதெல்லாம் எழுதியாச்சுப்பா. அவங்க கேக்குற மாதிரி அமைச்சு அனுப்பணும், அவ்வளவுதான். உங்களால முடியுமா?" என்றாள். முப்பது வருடம் தலைமை எழுத்தராக இருந்தவனைப் பார்த்து முடியுமா என்று கேட்கிறாள், பாருங்கள்!

கட்டுரை ஆசிரியர்களின் பெயர்களை வரிசைப்படி தருக என்று தங்கள் விதியில் பார்த்ததுமே இது லேசான வேலை இல்லை என்று தெரிந்துவிட்டது. பெயர் வரிசை என்றால் சும்மாவா? மகள் பெயரை முதலில் போட்டால் என் அண்ணன் என்ன நினைப்பார்? அவர் இந்த ஆய்வில் ஒன்றும் செய்யவில்லைதான், ஆனால் குடும்பத்துக்கு மூத்தவர், அந்த லிஃப்டிலும் ஒரு தடவை ஏறியிருக்கிறார், ஆகவே அவரைத் தலையில் போட்டேன், போட்டதைப் பார்த்துவிட்டு என் மனைவி, "புள்ள ராவும் பகலுமா எழுதினப்போ டீ போட்டுக் குடுத்தது உங்க அண்ணனா?" என்று கேட்டாள், சரி என்று அவளை இரண்டாவதாகப் போட்டேன், "ஓ, இரண்டாவதா?" என்றாள், அதற்குள் என் மச்சான் வந்து, "எனக்குப் பேரெல்லாம் வேணாம் மாமா, நன்றி சொல்ற இடத்துல ஒரு ஓரமாப் போட்டாப் போதும்" என்றான், ஓரமாகப் போட்டேன், "ஓரமாப் போட்டுட்டீங்களே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இப்படி வீட்டில் ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை நின்றுபோன பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினால், மதிப்பீட்டுக்கு அனுப்பும் பிரதியில் யார் பெயரும் இருக்கக்கூடாது, அடையாளம் காட்டும் அனைத்தையும் நீக்குக என்று போட்டிருக்கிறீர்கள். "இதை முதல் பக்கத்துல போட்டிருந்தா அவங்களுக்கு என்ன குறைஞ்சா போயிடும்?" என்று என் மனைவி கேட்கிறாள். தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

நீக்கு என்று சொல்லிவிட்டால் நான் பாதியில் விடுகிற ஆள் இல்லை. கட்டுரையின் கடைசியில் மேற்கோள் பட்டியல் என்று ஊர் உலகத்து அறிஞர்களின் பெயரெல்லாம் பளிச்சென்று இருந்தது. என் அண்ணனுக்கே இல்லாத சலுகை இவர்களுக்கு எதற்கு? எல்லோரையும் எடுத்துவிட்டு, 'ஒருவர்', 'இன்னொருவர்', 'மேற்படி ஒருவரும் அவருடைய கூட்டாளியும்' என்று மாற்றினேன். கட்டுரைச் சுருக்கத்தில் அனுமதித்ததைவிடச் சொற்கள் அதிகமாக இருக்கின்றன என்று கம்ப்யூட்டர் சிவப்பாகக் காட்டியது. நடுவிலிருந்த இடைவெளிகளை எடுத்துவிட்டுச் சொற்களை ஒட்டினேன், உடனே பச்சையாகிவிட்டது. மகள் வந்து பார்த்தாள். இடது கையால் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, நான் சொல்றதை மட்டும் அடிங்க" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து கட்டுரை முழுவதையும் முதலிலிருந்து மறுபடி டைப் அடிக்க வைத்தாள்.

அப்படி அடித்துக்கொண்டு போகும்போதுதான் அட்டவணைக்குக் கீழே அந்த வரி வந்தது. 'பங்கேற்பாளர் பதினேழு: வயதான ஆண். லிஃப்ட் வந்து கதவு திறந்த பிறகும் பொத்தானை அமுக்கினார். லிஃப்டைத் திட்டினார். இயல்பிலிருந்து மிகவும் விலகியிருப்பதால் கணக்கில் சேர்க்கப்படவில்லை.' பக்கத்தில் படம். முகத்தை மறைத்திருந்தாள், சட்டையை மறைக்கவில்லை. நீலக் கோடு போட்ட சட்டை. அவளே எனக்கு வாங்கித் தந்தது.

எனக்கு மனசு சுருக்கென்றது, ஐயா. பெற்ற மகள் என்னைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "நான் என்னம்மா, அவ்வளவு விலகியா இருக்கேன்?" என்று கேட்டேன். "கோச்சுக்காதீங்கப்பா. உங்களைச் சேர்த்தா சராசரியே நாசமாப் போகுது" என்றாள். அந்த வரியை நானே டைப் அடித்தேன். விளக்கு எரிந்த பிறகு மறுபடி அமுக்குவதால் எந்தப் பயனும் இல்லை என்ற முடிவுரையையும் நானே அடித்தேன்.

நேற்று மாலை அவள் வலி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். கட்டுரையை ஏற்றி, 'சமர்ப்பி' என்ற பொத்தானை அமுக்கினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றினால் வேலை நடக்கிறது என்று அர்த்தமாம். எங்கள் அலுவலகத்திலும் கோப்பு மேசைக்கு மேசை சுற்றும், ஒரு வேலையும் நடக்காது. நினைவூட்டல் அனுப்பினால்தான் நகரும். நினைவூட்டாமல் நகர்ந்த கோப்பை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. அதனால் இன்னொரு தடவை அமுக்கினேன். வட்டம் அதுபாட்டுக்குச் சுற்றுகிறது. எனக்குக் கை சும்மா இருக்குமா? "மெதுவா அமுக்குனா எப்படிப் போகும்? தள்ளுங்க" என்று என் மனைவி வந்து அமுக்கினாள். பேசாமலிருந்த மச்சானும் கோபத்தை மறந்து வந்து ஒரு கை பார்த்தான். பிறகு நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். திடீரென்று மகளின் தொலைபேசி கிணிங் கிணிங்கென்று அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. தங்கள் கட்டுரை கிடைத்தது, தங்கள் கட்டுரை கிடைத்தது என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. குற்றவாளி நான். தண்டனை எனக்கு இருக்கட்டும். குழந்தையின் வேலையில் கைவைத்துவிடாதீர்கள். இனிமேல் எந்தப் பொத்தானையும் ஒரு தடவைக்கு மேல் தொடமாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

தங்கள் இதழ் தடையில்லாமல் வெளிவரவும், தங்கள் அலுவலக லிஃப்ட் கூப்பிட்டவுடன் வந்து நிற்கவும், தங்கள் குடும்பத்தார் ஒரு குறையும் இல்லாமல் வாழவும் மனமார வாழ்த்துகிறேன். என் மனைவி தங்கள் வீட்டு அம்மாவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
பெயர் நீக்கப்பட்ட ஆசிரியரின் பெயர் நீக்கப்பட்ட அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதை மகள் பின்னால் நின்று படித்துவிட்டாள். ஒரே கட்டுரையை வேறு வேறு இதழ்களுக்கு அனுப்புகிறவர்களுக்குத்தான் அந்த விதியாம். தங்கள் கம்ப்யூட்டர் முதல் பிரதியைத் தானே எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுமாம். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அமுக்கிப் பிரயோசனம் இல்லைன்னு நீங்களே அடிச்சிட்டு, நீங்களே அமுக்கியிருக்கீங்களேப்பா! இப்படி ஒரு ஆள் எனக்கு எங்க கிடைப்பாங்க? அடுத்த கட்டுரை முழுக்க உங்களைப் பத்தித்தான். வேற யாரும் வேணாம்" என்கிறாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பையும் கொடுத்த உறுதியையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு பிரதியைக்கூடக் கிழிக்க வேண்டாம். ஒவ்வொன்றும் வந்த நேரத்தோடு மகளுக்கு அனுப்பிவையுங்கள். இதுவரை எழுதியதை அனுப்பப் பொத்தானை அமுக்கிவிட்டேன், இந்த வரிகளையும் சேர்த்து மறுபடி அமுக்குவேன். வட்டம் சுற்றுகிறது. மகள் இடது கையில் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க பாட்டுக்கு அமுக்குங்கப்பா, நான் எண்ணிக்கிறேன்" என்கிறாள்.