தீர்ன்னு அண்ணாச்சியும் ஜீப்பு பேட்டரியும்

திருவனந்தபுரத்தில் ஓடுகிற கார்களில் பாதிக்கு மேல், தீர்ன்னு அண்ணாச்சியின் வாயால் ஒரு தடவையாவது செத்துப் பிழைத்தவை. நான் கூட்டிச் சொல்லவில்லை. ஆரியசாலையில் முப்பது வருஷமாக மெஸ் நடத்துகிறேன். என் கல்லாவுக்கு நேர் எதிரே அவருடைய பேட்டரிக் கடை. அவர் அறிவித்த சாவுகள் அத்தனையையும் இந்தக் காதால் கேட்டவள் நான்.

"தீர்ன்னு" என்றால் மலையாளத்தில் முடிந்துபோயிற்று என்று பொருள். வண்டி கிளம்பவில்லை என்று யார் வந்தாலும் அண்ணாச்சி பானெட்டைத் திறப்பார். மீட்டரை வைத்து முள்ளைப் பார்ப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு சொந்தக்காரன் முகத்தை நேராகப் பார்த்து, "தீர்ன்னு" என்பார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் நிற்பார். வந்தவனும் வேறு வழி தெரியாமல் தலையைக் குனிந்து நிற்பான். எதிர்க்கடையில் தோசை தின்றுகொண்டிருப்பவன் மெல்வதை நிறுத்திவிடுவான். எனக்கு வியாபாரம் கெடும்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. நாகர்கோவில் பக்கத்து ஆள். இங்கே வந்து ஐம்பது வருஷமாகி, வாயில் எது தமிழ், எது மலையாளம் என்று அவருக்கே தெரியாமல் போயிருந்தது. ஒருநாள் மதுரைக்காரர் ஒருவரிடம், "பேட்டரியில வெள்ளம் ஒழிச்சோ?" என்று கேட்டார். தண்ணீர் ஊற்றினீரா என்று அர்த்தம். அந்த மனிதர் பயந்துபோய், "எங்க பக்கம் வெள்ளமே வரலீங்களே, எதை ஒழிக்கிறது?" என்றார். அண்ணாச்சி அவரை இரக்கத்தோடு பார்த்து, "அதான் தீர்ன்னு" என்றார்.

சட்டை விஷயம் தனி. ஆசிட் தெறித்துத் தெறித்து அவருடைய சட்டை எல்லாம் சல்லடை. தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் புதுச்சட்டை எடுத்தார். காலையில் போட்டார், கடையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், முகூர்த்தத்தில் முதுகு தெரிந்தது. "காத்தோட்டம் மயினி" என்றார் என்னிடம். என் வீட்டுக்காரரை அண்ணன் என்பார், அந்த வழியில் நான் மயினி.

இன்னொரு கல்யாணம். பூச்சுற்றிய காரில் மாப்பிள்ளை உட்கார்ந்தாயிற்று, வண்டி முனகக்கூட இல்லை. அண்ணாச்சியை ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள். மீட்டரை வைத்தார். பானெட்டுக்குப் பின்னால் இருந்தபடி உரத்த குரலில், "தீர்ன்னு!" என்றார். மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்ணின் அம்மா அப்படியே சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியபோது அண்ணாச்சி குனிந்து, "பேட்டரிதான் அம்மா. மாப்பிளைய நான் இன்னும் நோக்கல" என்று ஆறுதல் சொன்னார்.

வாரண்டி அட்டையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்த சர்க்கார் அதிகாரியிடம், "வாரண்டி உண்டு சாரே. ஜீவன்தான் இல்ல" என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பேட்டரியைப் பற்றிக்கூட நல்ல வார்த்தை வந்ததில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த முட்டாள்தனத்துக்கு இதுதான் காரணம்.

என் வீட்டுக்காரர் கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் டாக்சி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் என்று ஆனது. காலை ஆறரைக்கு மெஷின். நேரம் தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். எங்களிடம் பழைய வெள்ளைக்கார் ஒன்று இருந்தது. போகும்போது அவரே ஓட்டுவார், திரும்பும்போது ஸ்டாண்டு சிநேகிதர் யாராவது ஓட்டி வருவார். ஆட்டோ பிடிக்கலாம் என்றால் கேட்கமாட்டார்.

"ஏட்டி, ஊர்ல பாதிப்பேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவிட்டவன் நான். என் வண்டி என்னைக்குக் கிளம்பலையோ, அன்னைக்கோட நானும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன்."

சும்மா சொல்கிற ஆள் இல்லை அவர். மெஷினில் போய்ப் படுக்காவிட்டால் எத்தனை நாள் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அதனால் செவ்வாயும் வெள்ளியும் விடிகிற நேரத்தில் அவர் சாவியைத் திருப்பும்போது, என் உயிர் அந்தச் சத்தத்தில் இருக்கும்.

ஒரு புதன்கிழமை சும்மா கிளப்பிப் பார்த்தபோது, நாலாவது தடவைதான் வண்டி எடுத்தது. அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். மீட்டரை வைத்தார். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்வாசல் வழியாக வந்தார். கால் வீங்கியிருந்தது. அண்ணாச்சி முள்ளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார்.

என் காதில் விழுந்தது, "ஆயுள் இல்ல."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "வாயக் கழுவும் ஓய்! அவர உம்ம கடையில கெடக்கிற செத்த பேட்டரின்னு நினைச்சீரா? இனி என் வாசல்ல மிதிக்கப்படாது!" என்றேன். கையிலிருந்த தோசைக்கரண்டியையும் காட்டினேன் என்று பிறகு சொன்னார்கள். அண்ணாச்சி ஒன்றும் புரியாமல் மீட்டரைச் சுருட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் நானே பேட்டரியைக் கழற்றச் சொல்லி, ஆட்டோவில் ஏற்றி, கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள பெரிய கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகக் கார் பெயரைக் கேட்டார், கம்ப்யூட்டரில் தட்டினார். "அம்மா, ரெண்டு மாதிரி வருது. லெஃப்டா, ரைட்டா? நீங்க கொண்டுவந்ததைப் பார்த்துச் சொல்லட்டுமா?"

பேட்டரியில் வயர் மாட்டுகிற பக்கத்தை அவர் கேட்டிருக்கிறார். எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. நல்ல காரியத்துக்கு வலது என்று நினைத்து, "பாக்க வேண்டாம், ரைட்டு" என்றேன். பழையதை அங்கேயே எடுத்துக்கொண்டு புதியதைத் தந்தார்கள். ராணி மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அன்று என் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்து மாட்டப் பார்த்தார். சிவப்பு வயர் ஒரு சாணுக்கு எட்டவில்லை. திருப்பி வைத்தால் பேட்டரித் தட்டில் உட்காரவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் டிரைவர் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆட்டோ கூப்பிடட்டா?"

"வேண்டாம்ட்டி. போதும்."

அந்தப் 'போதும்' எனக்குப் பிடிக்கவில்லை. பேட்டரியைச் சொன்ன மாதிரி அது இல்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினேன். அண்ணாச்சி கடைக்கு மேலேயே குடியிருந்தார். கதவைத் தட்டினேன். ஓட்டைப் பனியனோடு வந்து நின்றார். நனைந்த கோலத்தில் என்னைப் பார்த்ததும் முகத்தில் ரத்தமே இல்லை.

"எந்தரு மயினி, என்ன... அண்ணன்... தீர்ன்னா?"

"பேட்டரி ஓய், பேட்டரி!"

கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள். அந்த மனுஷனுக்கு அந்த வார்த்தை அவ்வளவு கனமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வந்து பானெட்டுக்குள் பார்த்தார். "இது யாரு மயினி, ரைட்டு கேட்டது?" நான் மழையைப் பார்த்தேன். அவர் கடைக்குப் போய், ஜீப்புக்கு வைக்கிற பெரிய பேட்டரி ஒன்றைத் தோளில் தூக்கி வந்தார். உடம்பெல்லாம் கீறல், மேலே வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி. வாடிக்கைக்காரர்களின் பேட்டரி சார்ஜில் கிடக்கும்போது இரவலாகக் கொடுக்கிறது. பலர் விலைக்குக் கேட்டும் விற்காதது. தட்டை நெளித்து, தகரம் வைத்து, வயரை நீட்டி மாட்டினார். ஆறு மணிக்கு வண்டி புலி மாதிரி உறுமியது. என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்து மூன்று மாசம் ஆகியிருந்தது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்கு அவருக்கு ஆயுள் இல்லன்னு சொன்னீரே, எப்படி மனசு வந்தது?"

"நானா? மயினி, ஆயில்லன்னுல்லா பறஞ்சேன்! ஆ-யில்-ல! மாத்துகதுக்கு நேரம் ஆயில்ல, ஆகல. இன்னும் காலம் கெடக்குன்னு!" அவர் நடைபாதை ஓரத்தில் மழையிலேயே உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவ நல்ல வார்த்தை பறஞ்சேன். அதுக்குக் கரண்டியக் காட்டினியளே!"

காது அதற்குப் பயமானதைத்தான் கேட்கும் போலிருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மழைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பழசு நல்லாத்தான் இருந்ததுன்னா, ஏன் இறங்கிச்சு?"

அண்ணாச்சி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். "எங்கயோ கரண்டு லீக்கு" என்றார் அண்ணாச்சி.

"இத்தனூண்டு காருக்கு இவ்வளவு பெரிய பேட்டரி எதுக்கு?"

"ஆளு பெருசுல்லா மயினி. ஜீப்பு இங்கயே கெடக்கட்டும்."

லீக்கு எங்கே என்று ஒரு மாசம் கழித்து நானே கண்டுபிடித்தேன். மத்தியானக் கூட்டம் ஓய்ந்து பின்பக்கம் போனபோது, நின்ற காருக்குள் அவர் உட்கார்ந்திருந்தார். சாவி பாதி திருகியிருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கியரை மாற்றினார். திருப்பத்தில் ஹாரனுக்குக் கை போய், அடிக்காமல் திரும்பியது. பொன்முடி மலைக்குச் சவாரி போகிறார் என்று நினைக்கிறேன், அத்தனை திருப்பம். வீட்டுக்குள் அவர் நோயாளி. அங்கே டிரைவர். கண்ணாடிக்கடைக் கம்ப்யூட்டர் காரைப் பார்த்துப் பேட்டரி தந்தது. அண்ணாச்சி உள்ளே உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பார்த்துத் தந்திருக்கிறார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு பின்பக்கம் போகும்போதெல்லாம் இருமிவிட்டுப் போவேன்.

மாசா மாசம் அண்ணாச்சி வந்து ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றுவார். என் வீட்டுக்காரருக்குக் குடிக்கிற தண்ணீர்கூட அளவு. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். "என்னவே, இதுக்கு மட்டும் வயிறு முட்ட ஊத்துதீரு?"

"இது சொன்னபடி கேக்கும் அண்ணே."

ஒன்றேகால் வருஷம். ஒரு செவ்வாய் தவறவில்லை, ஒரு வெள்ளி தவறவில்லை. கடைசிவரைக்கும் அந்த வண்டி ஒரு தடவைகூடக் கிளம்பாமல் இருந்ததில்லை. அவர்தான் ஒருநாள் எழுந்திருக்கவில்லை.

ஸ்டாண்டே வந்திருந்தது. அண்ணாச்சி முழுச்சட்டை போட்டு வந்தார். ஓட்டை இல்லாத சட்டையில் அவரை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கால்மாட்டில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். வாய் திறந்தது, மூடியது. அவர் வெளியே போய், காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எடுக்கிறவரைக்கும் அங்கேயே நின்றார்.

காரை விற்றபோது, "உம்ம இரவல எடுத்துட்டுப் போம் அண்ணாச்சி" என்றேன். மீட்டரை வைத்து முள்ளைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அதை எடுக்காமலே போனார். இந்தத் தடவை சரியாகக் கேட்டேன்.

போன மழையில் அண்ணாச்சியும் போனார். செய்தி கொண்டுவந்தவனும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டு, "அண்ணாச்சி..." என்று நிறுத்திவிட்டான்.

ஜீப்பு பேட்டரி மெஸ்ஸின் பின்கட்டில் இருக்கிறது. மாசத்துக்கு ஒருமுறை நானே தண்ணீர் ஊற்றுகிறேன். பழைய சாமான் எடுக்கிறவன் வருகிற போதெல்லாம் அதன்மேல் கண் வைத்து, "அம்மே, அது தீர்ன்னில்லே? எடுத்தோட்டே?" என்று எடுத்துப்போகக் கேட்பான்.

"ஆயில்ல" என்பேன்.