தனகோட்டியின் சிவப்பு டோக்கன்

சித்திரை பிறந்த பத்தாம் நாள் காலையில் தனகோட்டி ஒரு மகத்தான முடிவெடுத்தார். இனிமேல் நடப்பதில்லை.

நடக்க முடியவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அறுபத்தாறு வயதிலும் அவர் கால்கள் இரண்டும் உலக்கை மாதிரி இருந்தன. அதிகம் உபயோகிக்காத சாமான் சீக்கிரம் தேயாதல்லவா? நிலக்கரிச் சுரங்கத்து ஸ்டோரில் வாட்ச்மேனாக இருந்த காலத்தில், அவர் உட்கார்ந்த ஸ்டூலுக்குத்தான் இரண்டு தடவை கால் ஒடிந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டிலோ, கலியாணமான நாளிலிருந்து 'முட்டி வலி' என்ற இரண்டே வார்த்தையில் குடும்பம் நடத்தியவர். தண்ணீர்க் குடமா, விறகுக் கட்டா, ரேஷன் கடையா, எது எதிரே வந்தாலும் முட்டியைத் தடவுவார். மனைவி அமிர்தம் எழுந்து போய்விடுவாள்.

அந்தச் சுகமெல்லாம் முதியோர் மனைக்கு வந்ததும் போயே போய்விட்டது.

முதியோர் மனை சுரங்க டவுன்ஷிப்பின் ஓரத்தில், பண்ருட்டி பஸ் போகிற சாலையை ஒட்டி இருந்தது. யாரோ ஒரு காண்டிராக்டர் விட்டுப்போன நீளக் கொட்டகை. அதைத் தடுத்துப் பன்னிரண்டு அறைகளாக்கித் தர்ம காரியமாக நாலு பேர் நடத்திவந்தார்கள். மகன் பழனிவேல் சுரங்கத்தில் பெர்மனென்ட். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, சின்ன குவார்ட்டர்ஸில் அவன் பகலில் கண்ணை மூடும்போதுதான் தனகோட்டிக்கு ஊர் நியாயமெல்லாம் உரக்கப் பேசத் தோன்றும். பையன் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தான். பிறகு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இங்கே ஏழாம் நம்பர் அறையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனான்.

மனையை நிர்வகித்தவர் ஜானகியம்மாள். அவருடைய காலஞ்சென்ற கணவர் சுரங்கத்தில் டைம் கீப்பர். அவருடைய கைக்கடிகாரத்தோடு குணத்தையும் அம்மாள் சேர்த்து எடுத்துக்கொண்டார். சுரங்கத்தின் காலைச் சங்கு ஊதியதும் மனையில் எல்லோரும் கழுத்தில் டோக்கனோடு ஆஜராக வேண்டும். பித்தளை டோக்கன் என்றால் நடமாடுகிறவர். அவர் சமையல் கொட்டகையிலிருந்து வெந்நீரைத் தானே தூக்கி வர வேண்டும், தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும், ஒரு மணி நேரம் அரிசியில் கல் பொறுக்க வேண்டும். சிவப்பு டோக்கன் என்றால் முடியாதவர். அவருக்கு எல்லாம் கட்டிலுக்கே வரும். ஒரு அறைக்கு ஒரு சிவப்புதான் உண்டு. ஒருவர் படுத்தால் மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

தனகோட்டி மூன்று மாதம் கல் பொறுக்கினார். நாலாவது மாதம் முடிவெடுத்தார்.

"அமிர்தம், என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியல. அம்மாகிட்ட சொல்லி எனக்குச் செவப்பு வாங்கியா."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு அமிர்தம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நேத்து சாயங்காலம் கடலை விக்கிறவன் பின்னால ஓடுனீங்களே?"

"அது நேத்து."

"ஒரு ராத்திரியில இன்னா ஆச்சி?"

"வயசாச்சி."

அமிர்தம் சுவரைப் பிடித்து, மெல்ல எழுந்து நின்றாள். "சரி, சொல்லிப் பாக்குறேன்" என்றாள். இவ்வளவு லேசாகக் காரியம் முடிந்ததில் தனகோட்டிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை மனைக்கு வரும் கம்பவுண்டரைக் கூட்டிக்கொண்டு ஜானகியம்மாள் ஏழாம் அறைக்கு வந்தார்.

"எந்த முட்டி, பெரியவரே?" என்றார் கம்பவுண்டர்.

இந்தக் கேள்வியைத் தனகோட்டி எதிர்பார்க்கவில்லை. "ஏ அமிர்தம், எந்த முட்டிடி?"

"ரெண்டுந்தாங்க."

கம்பவுண்டர் கையை நீட்டினார். விரல் படுவதற்கு ஒரு சாண் இருக்கும்போதே தனகோட்டி "ஐயோ அப்பா!" என்று போட்ட கூச்சலில், பக்கத்து அறை அப்துல் கபார் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார்.

"இவரால நடக்கவே முடியாதா அமிர்தம்?" என்று கேட்டார் ஜானகியம்மாள்.

"நாப்பது வருசமா கூட இருக்கேம்மா. அவரு எந்திரிச்சி ஒரு செம்புத் தண்ணி மொண்டு நான் பாத்ததில்ல."

சத்தியமான வார்த்தை. ஆனால் தனகோட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டின புருஷனுக்காக என்ன அழகாகப் பொய் சொல்கிறாள்! அதோடு விடாமல் அம்மாளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் வேறு ஏதோ குசுகுசுத்தாள். சிபாரிசு பலமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மத்தியானமே சிவப்பு டோக்கன் கழுத்துக்கு வந்துவிட்டது.

பன்னிரண்டு நாள் ராஜ வாழ்க்கை. ராஜாவுக்காவது சண்டை சச்சரவு என்று எழுந்து போகிற வேலை இருக்கும். தனகோட்டிக்கு அதுவும் இல்லை.

"அமிர்தம், வெந்நீர்!"

வாளி வந்தது. தனகோட்டி ஒரு விரலை விட்டுப் பார்த்தார். "சூடு பத்தல."

வாளி திரும்பிப் போய் மறுபடியும் வந்தது.

"இன்னாடி ஆமையாட்டம் நடந்துகினு வர? அதுக்குள்ள ஆறிப்போச்சு பாரு. சரி, காலைப் புடி."

அமிர்தம் காலைப் பிடித்தாள். வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். முகம் சுளிக்கவில்லை. ஆடுபுலி ஆட வரும் அப்துல் கபாருக்குத்தான் இது மனசுக்குச் சரியாகப் படவில்லை.

"தனகோட்டிண்ணே, ஒங்க சம்சாரம் ஏன் சண்டை போடல?"

"பயம், பாய்."

"நானும் முப்பத்தெட்டு வருசம் என் சம்சாரம் சித்தீகா கூட இருந்தேன். அவ வாய் ஓயாம திட்டுன நாளெல்லாம் நான் நிம்மதியா இருந்தேன். அவ பேசாம சிரிச்ச அன்னிக்கித்தான் என் சைக்கிளை வித்துட்டிருந்தா."

"உங்க கதை வேற பாய். புலியைக் கட்டிட்டேன், பாருங்க."

ஆட்டத்தில் புலியைக் கட்டியவர், அறைக்குள் இருந்த புலியைக் கவனிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. மத்தியானத் தூக்கம் கலைந்து தனகோட்டி எழுந்தபோது அமிர்தம் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பழனிவேலு வந்துட்டுப் போனான். நல்லாத் தூங்கிகினு இருந்தீங்க, எழுப்பல. காடாம்புலியூர்ல நம்ம சந்திரகலா வூட்டுப் பலா பழுத்துடுச்சாம். மொதப் பழம்."

தனகோட்டி விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தப் பலா சாதாரணப் பலா இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் மகள் சந்திரகலாவைக் கட்டிக்கொடுத்தபோது, தனகோட்டி தன் கையால் கன்று கொண்டுபோய், தன் கையால் குழி வெட்டி, சம்பந்தி வீட்டுக் கிணற்றோரம் வைத்த மரம். வாழ்நாளில் யாரும் சொல்லாமல் அவராக எழுந்து செய்த வேலை அது ஒன்றுதான். எட்டு வருஷமாக அதன் முதல் பழத்துக்காகக் காத்திருந்தார். சம்பந்தி ராயப்பனோ, மரத்தை வைத்தது தாம்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவருவதாகக் கேள்வி.

"பழத்தை யாரு வெட்டுறது?"

"யாரோ."

"யாரோன்னா?"

"சம்பந்திதான். வேற யாரு? நாளைக்குக் காலம்பற."

"அந்தாளா! ஒரு கொடம் தண்ணி ஊத்தியிருப்பான். குழி வெட்டுனது நானு! மொதப் பழத்துல எவன் கத்தி வைக்கிறானோ அவன் மரம்னு ஆயிடுமே! நானும் வரேன்."

"நடக்க முடியாத மனுசன் எப்படி வருவீங்க?"

"தூக்கிகினு போவச் சொல்லு."

"பஸ்ல கட்டிலோட ஏத்த மாட்டானே." அமிர்தம் பாக்கை வாயில் போட்டுக்கொண்டாள். "டோக்கனைத் திருப்பிக் குடுத்துட்டு, நல்லாயிட்டேன்னு சொல்லிடுங்களேன்."

தனகோட்டி யோசித்தார். ஒரு பக்கம் பலா. இன்னொரு பக்கம் கல் பொறுக்குவது. நடுவில் மானம். "பன்னெண்டு நாள்ல முட்டி நல்லாச்சின்னா எவன் நம்புவான்? சிரிக்க மாட்டான்?"

"அப்போ படுங்க."

படுத்தார். விடிந்ததும் விடியாததுமாக மூக்கில் பலாப்பழ வாசனை அடித்தது. ஏக்கம் முற்றினால் வாசனைகூட அடிக்கும் போலிருக்கிறது என்று பெருமூச்சு விட்டார்.

அமிர்தம் தலைவாரி, நல்ல புடவை கட்டிப் புறப்பட்டாள். போகிறவள் மூலையில் கிடந்த கத்தியை எடுத்துப் பையில் போட்டாள்.

"என் கத்தி எதுக்கு?"

"சம்பந்தி வூட்டுக் கத்தி மழுங்கிப்போச்சாம். உங்களுதை எடுத்தாறச் சொன்னாராம்."

தனகோட்டியின் மரம், தனகோட்டியின் பழம், தனகோட்டியின் கத்தி. கை மட்டும் ராயப்பனுடையது! கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே வேப்பமரத்தடியில் மனை முழுவதும் முறங்களோடு உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. நடுவில் நாற்காலி போட்டு ஜானகியம்மாள். அமிர்தம் அவர்களைத் தாண்டி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துச் சாலைக்குப் போய் நின்றாள். பஸ் வந்தது. அவள் படிக்கம்பியைப் பிடித்தாள். பிறகு திரும்பி, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி ஒரு குரல் கொடுத்தாள்:

"ஏங்க! மரம் வெச்சவருகிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

அவ்வளவுதான். தனகோட்டி கட்டிலிலிருந்து எப்படி இறங்கினார், எப்போது வேட்டியை மடித்துக் கட்டினார் என்பது அவருக்கே தெரியாது. "நிறுத்து! என் மரம்டா அது!" என்ற சத்தம் மட்டும் முதலில் வந்தது. பின்னாலேயே அவர் வந்தார். முதல் முறத்தைத் தாண்டினார். இரண்டாவது முறத்தையும் தாண்டினார். மூன்றாவதில் காலை வைத்து, ஒரு மணி நேரமாகப் பொறுக்கிய கல்லையெல்லாம் மறுபடி அரிசியில் கலந்தார். சிவப்பு டோக்கன் முதுகுப் பக்கம் போய் அடித்துக்கொண்டது. இளவட்டப் பையன்கள் தோற்றார்கள் போங்கள். ஒரே ஓட்டம், பஸ் கம்பியில்தான் நின்றார்.

"ஏறுங்க பெரியவரே, எங்க போவணும்?" என்றார் கண்டக்டர்.

"யாரும் ஏறலீங்க, நீங்க போங்க" என்றாள் அமிர்தம்.

பஸ் போய்விட்டது. சாலையில் தனகோட்டியும் புழுதியும் நின்றார்கள். திரும்பிப் பார்த்தார். முறங்களோடு மனை முழுவதும் எழுந்து நின்றது. அப்துல் கபார் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜானகியம்மாள் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"கட்டில்லேருந்து பஸ் வரைக்கும் முப்பத்தோரு செகண்டு. டோக்கனைக் கழட்டுங்க, பெரியவரே."

கழற்றினார். அம்மாள் அதை வாங்கி அமிர்தத்தின் கழுத்தில் போட்டார்.

"இது... இவளுக்கு எதுக்கும்மா?"

"இவங்களுக்கு எழுதினதுதான் இது. பங்குனியிலேயே கம்பவுண்டர் இவங்க முட்டியைப் பார்த்து, நீர் கோத்திருக்கு, நடக்கவே கூடாதுன்னுட்டார். ஆனா அறையில இன்னொருத்தர் நடமாடுறவரா இருக்கணுமே. 'எனக்குச் செவப்புன்னா மறுநாளே அவரும் முட்டி வலின்னு படுத்துப்பாரு'ன்னு இவங்க அப்ப வாங்கிக்கல. 'ரெண்டு வாரத்துக்கு அவருக்கே குடுங்கம்மா, அவரு காலாலேயே திருப்பி வாங்கித் தரேன்'னு அன்னிக்குத் தாழ்வாரத்துல சொன்னாங்க."

தனகோட்டி மனைவியைப் பார்த்தார். புடவைக் கரைக்குக் கீழே கணுக்கால்வரை வீக்கம் இறங்கியிருந்தது. இந்தக் காலோடுதான் வாளியைத் தூக்கி வந்து, சூடு பத்தாமல் திரும்பிப் போய், மறுபடியும் தூக்கி வந்தாள். ஆமை என்று சொன்னது நினைவுக்கு வந்தது. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு நிஜமாகவே எங்கேயோ வலித்தது.

"நேராவே என்னைக் கேட்டிருக்கலாமே, அமிர்தம்?"

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

தனகோட்டி வாயைத் திறந்தார். பழக்க தோஷம், கை தானாக முட்டிக்குப் போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அவரும் கையை எடுத்துவிட்டு அசடு வழிந்தார்.

"அது கெடக்கட்டும். பழம்? இந்நேரம் ராயப்பன்..."

"பழம் உங்க கட்டிலுக்கு அடியில இருக்குது. நேத்தே பழனிவேலு சாக்குல போட்டுக் கொண்டாந்துட்டான். மரம் வெச்ச கைதான் மொதப் பழம் வெட்டணும்னு சம்பந்திதான் குடுத்தனுப்பிச்சாராம். எந்திரிக்காத மனுசன், கட்டிலுக்கு அடியில எங்க குனிஞ்சி பாக்கப் போறீங்கன்னு அங்கயே வெச்சேன்."

கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

பன்னிரண்டு அறைக்கும் தனகோட்டிதான் வெட்டினார். முழங்கைவரை பால் ஒட்டியது. ஒவ்வொரு சுளைக்கும் தாம் குழி வெட்டிய ஆழத்தை ஒரு முழம் கூட்டிச் சொன்னார். கடைசி அறைக்குப் போனபோது அது கிணறாகிவிட்டது. நல்ல பெரிய சுளையாகப் பார்த்து எடுத்து, கொட்டை நீக்கி, கட்டிலில் உட்கார்ந்திருந்த அமிர்தத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். மரத்துக்கும் தனக்கும் எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று நம்பித்தான் அன்று படுத்தார்.

மறுநாள் காலைச் சங்கு ஊதியது. கழுத்தில் பித்தளை டோக்கனோடு தனகோட்டி வரிசையில் நின்று, வாளி நிறைய வெந்நீர் பிடித்து, வழியில் இரண்டு தடவை இறக்கி வைத்து, ஏழாம் அறைக்குக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தார். மூச்சு வாங்கியது.

அமிர்தம் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள்.

"சூடு பத்தலீங்க" என்றாள்.