தலையணையில் ஒரு அலறல்

தலையணையில் தலை பட்டதும் இடது காது ‘கீஈஈ...’ என்று அலறியது. தூக்கினால் நின்றது. வைத்தால் மறுபடி அலறியது. ஃபோர்மேன் இரண்டு மூன்று முறை தூக்கி வைத்துப் பார்த்தார். கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட பூனையின் மேல் படுத்திருப்பது போல இருந்தது.

திரைச்சீலையைத் தாண்டிக் காலை வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. நல்லவர்களெல்லாம் வேலைக்குக் கிளம்பும் நேரம்தான் ஃபோர்மேனுக்குப் படுக்கிற நேரம். செய்தித்தாள் அச்சகத்தில் நிரந்தர இரவுப் பணி. உலகத்தில் நடக்கும் அத்தனை அநியாயத்தையும் விடிய விடிய அச்சடித்துவிட்டு, அதில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் வந்து நிம்மதியாகத் தூங்குகிற புண்ணியவான். அச்சு இயந்திரம் வருஷக்கணக்காகப் பக்கத்தில் நின்று கத்தியதில் காது முக்கால்வாசி போய்விட்டது. போனதற்கு ஈடாக நிர்வாகம் காது மெஷின் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்து, கைதட்டி, போட்டோவும் எடுத்துக்கொண்டது. போட்டோவில் நிர்வாகிதான் தெளிவாக விழுந்திருந்தார்.

அந்த மெஷினில் ஃபோர்மேனுக்கு மிகவும் பிடித்த அம்சம், அதைக் கழற்றலாம் என்பதுதான். கழற்றி வைத்துவிட்டுப் படுத்தால் பக்கத்து வீட்டை இடித்தாலும் தெரியாது. அந்தச் சொர்க்கத்துக்குத்தான் இப்போது வேட்டு.

காரணம் மாமியார். இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, இங்கே வந்து தங்கியிருந்தார். ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் அந்தக் கோடியில் கிள்ளி விளையாடும் பிள்ளையை இந்தக் கோடியிலிருந்து ஒரே அதட்டலில் உட்கார வைத்த குரல். அந்தக் குரல் முந்தின நாள் குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கி உள்ளே மாட்டிக்கொண்டு, "மாப்பிள்ளை! மாப்பிள்ளை!" என்று கத்தியதில் தெருவே கூடிவிட்டது. வந்து கதவை உடைத்தவர்கள், தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைத் தாண்டித்தான் போனார்கள். தாண்டித்தான் திரும்பினார்கள். அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

அன்று மாலை மனைவி சண்டை போடவில்லை. அதுதான் ஃபோர்மேனுக்குப் பயமாக இருந்தது.

"என்னங்க, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேலைய விட்டுடறேன். வேற வழி தெரியல."

எத்தனையோ வருஷம் ஓரத்து மேசையில் கிடந்தவள் இப்போதுதான் கிளை மேலாளர் ஆகியிருந்தாள். அறைக் கதவில் பெயர்ப்பலகை. அதைப் பார்ப்பதற்கென்றே தூக்கத்தைத் தியாகம் செய்து ஒருநாள் போய், கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்தவர் ஃபோர்மேன். அந்தப் பலகை இறங்குவதா?

"நீ எதுக்கு விடணும்? இனிமே நான் மெஷினோடயே தூங்கறேன்" என்று வீரம் பேசினார். பேசும்போது நன்றாகத்தான் இருந்தது.

அதன் பலன்தான் இந்தப் பூனை.

சரி, ஒருக்களித்தால்தானே அலறுகிறது, மல்லாந்து படுப்போம் என்று படுத்தார். கண் சொருகியது. திடீரென்று அறைக்குள் ஒரு லாரி வந்து நின்று உறுமியது. பதறி எழுந்தார். லாரி இல்லை. மறுபடி படுத்தார். மறுபடி லாரி. மூன்றாம் முறைதான் விஷயம் புரிந்தது. அது அவருடைய குறட்டை. இத்தனை வருஷமாக மனைவி சொன்னபோதெல்லாம் "சும்மா கத விடாத" என்று சொல்லி வந்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டார். நேரில் கேட்கும் அளவுக்கு அவர் இன்னும் பக்குவப்படவில்லை.

"மாப்பிள்ளை!"

வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார். பக்கத்து அறையில் அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை? தண்ணி வேணுமா? எழுந்திரிக்கணுமா?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. நீங்க போய்ப் படுங்க."

அந்த ஒன்றுமில்லாத விஷயத்துக்காக மதியத்துக்குள் இன்னும் மூன்று முறை ஓடினார்.

மறுநாள், மெஷின் விற்ற கடைக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"சார், தூங்கும்போது கழட்டி வச்சிடணும். புத்தகத்துலயே போட்டிருக்கே."

"தூங்கும்போதுதாம்மா எனக்கு வேணும்."

"முழிச்சிருக்கும்போது?"

"அப்ப கழட்டி வச்சாலும் பரவால்ல. மெஷின் ரூம்ல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

அவள் மெஷினைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எதில் கோளாறு என்று முடிவுக்கு வர முடியவில்லை போலிருக்கிறது.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க சார். கீழ இருக்கற காதுல போடாதீங்க. மேல இருக்கற காதுல மட்டும் போடுங்க. விழாம இருக்கத் தலைக்கு மெத்துன்னு ஒரு பட்டை கட்டிக்குங்க."

எளிய யோசனை. இந்த வீட்டில் எளிய யோசனைகளுக்கு ஆயுள் கம்மி.

பட்டைக்கு மனைவியின் அலமாரியைக் குடைந்தார். கிடைத்தது ரோஜா நிறத்தில், நடுவில் பூ வைத்த ஒன்று. அதைக் கட்டிக்கொண்டு படுத்தபோது அழைப்பு மணி அடித்தது. அவருக்கே கேட்டது! பெருமையோடு போய்க் கதவைத் திறந்தார். கூரியர்க்காரர் பொட்டலத்தை நீட்டியபடி பூவையே பார்த்தார்.

"மேடம் இல்லீங்களா?" என்றார், கொஞ்சம் சந்தேகத்தோடு.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு. தூக்கத்தில் புரண்டால் மேல் காது கீழ் காதாகிவிடுகிறது. மறுபடி பூனை. அதனால் தலையணையில் காதுக்கென்று வட்டமாக ஓட்டை போட்டார். மெஷின் ஓட்டை வழியாக உள்ளே விழுந்து பஞ்சோடு ஐக்கியமானது. அதைத் தேடித் தலையணையை முழுசாகப் பிரித்தார். மாலை வீடு திரும்பிய மனைவி, மேகத்துக்கு நடுவில் தேவர்களைப் போல உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்து, கைப்பையைக்கூட இறக்காமல் கேட்டாள்:

"என்னங்க இது?"

"கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு."

"நான் பேசாம ராஜினாமாவ எழுதிக் குடுத்துடவா?"

"ஐயோ, வேணாம்! நாளைக்குப் பாரு."

நாளைக்கு என்று அவர் கண்டுபிடித்தது, புரளவே முடியாதபடி செய்துகொள்வது. பனியனின் முதுகுப் பக்கத்தில் ஒரு பந்தை வைத்துத் தைத்தார். புரண்டால் பந்து குத்தும், குத்தினால் திரும்பிவிடலாம். அச்சகத்தில் காகிதம் ஓரம் சாயாமல் இருக்க இப்படித்தான் தடுப்பு வைப்பார்கள். காகிதத்துக்கு வேலை செய்வது மனிதனுக்குச் செய்யாதா?

செய்தது. புரண்டார். பந்து குத்தியது. வந்த வேகத்தில் எதிர்ப்பக்கம் திரும்பினார். கட்டில் அந்த அளவுக்கு அகலம் இல்லை.

‘தொப்!’

கண்ணைத் திறந்தபோது தோள் தெறித்தது. தலைமாட்டில் ஏற்கெனவே அத்தை நின்றுகொண்டிருந்தார். கைத்தடி அக்குளில்.

"அடி பட்டுதா? கைய மடக்குங்க. நீட்டுங்க. ம்... எலும்பு ஒண்ணும் ஆகல."

"நீங்க ஏன் அத்தை எழுந்து வந்தீங்க? இடுப்பு என்னத்துக்காகும்? ஒரு குரல் குடுத்திருந்தா நானே வந்திருப்பேனே!"

விழுந்து கிடந்தவர் சொன்ன வசனம் இது. அத்தை அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, பிசியோவுக்குப் போன் போட்டார். அத்தையின் இடுப்புக்குப் பயிற்சி கொடுக்க வந்துபோன அதே இளைஞர்.

அவர் வந்து தோளைப் பிடித்து அழுத்த, ஃபோர்மேன் பல்லைக் கடித்துக்கொண்டார். அத்தை தேநீர் போடச் சமையலறைக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியதாக அவருக்கு நினைப்பு.

"தம்பி, என்கிட்ட மறைக்காம சொல்லுங்க. அத்தைக்கு இடுப்பு எப்பத்தான் சரியாகும்? அவங்களப் பாரமா நெனச்சுக் கேக்கல. எத்தன மாசம் வேணா இருக்கட்டும். ஆனா பகல்ல அவங்களுக்கு ஒண்ணு ஆகி, நான் எழுந்திரிக்கலன்னு வைங்க, என் வீட்டுக்காரி வேலைய விட்டுடுவா. அவ பேரப் போட்டுக் கதவுல பலகை மாட்டியிருக்காங்க, தம்பி. அதுக்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம். சரியாத் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?"

பிசியோவின் கை தோளிலேயே நின்றுவிட்டது. சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"அவங்களுக்கு எப்பவோ சரியாயிடுச்சு சார், ஊருக்குக் கெளம்பப் பெட்டியக்கூடக் கட்டினாங்க, ‘நான் போயிட்டா, எழுப்பினா எழுந்திரிக்காத இந்த மனுஷனப் பகல்ல பாத்துக்க எம்பொண்ணு வேலைய விட்டுடுவா’ன்னுதான், நீங்க தூங்கறப்பல்லாம் கண்ண மூடாம, அப்பப்பக் கூப்பிட்டுப் பாத்துக்கிட்டுக் காவலுக்கு உக்காந்திருக்காங்க!"