புகைப் பீரோவில் ஒரு சின்ன வேலை

சாமான் திருத்திகள் என்று ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்து வருகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் வாங்குவார், சீட்டை மாற்றுவார், ஹேண்டில்பாரை மாற்றுவார், பெல்லின் சத்தம் பிடிக்காமல் பெல்லை மாற்றுவார், கடைசிவரை அதில் ஏறமாட்டார். நடைப்பயிற்சிக்கு ஷூ வாங்குவார். அதற்குள் போட மெத்தை வாங்குவார். மெத்தை ஷூவுக்குப் பெரிதாகிவிட்டது என்று மெத்தைக்கேற்ற வேறு ஷூ வாங்குவார். இத்தனை அலைச்சலில் களைத்து, நடக்காமல் படுத்துவிடுவார். இவர்களைச் சோம்பேறிகள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இவர்களைப்போல் உழைக்கிறவர்கள் உலகத்தில் கிடையாது. செய்யவேண்டிய வேலையை மட்டும்தான் செய்யமாட்டார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தனபால் இந்த இனத்தின் தங்கப் பதக்கம். வாசலூர்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கொல்லிமலையில் பாதிக் கிணறுகளில் அவர் கட்டிய மோட்டார்தான் ஓடுகிறது. அவர் வீட்டு மோட்டார் மட்டும் எந்நேரமும் பிரித்துக் கிடக்கும். ஏன் என்று கேட்டால், "நல்லாத்தாங்க ஓடுது, இன்னும் கொஞ்சம் நல்லா ஓட வெக்கலாம்னு" என்பார்.

ஒருநாள் செல்போனில் ஒரு வெள்ளைக்காரரின் வீடியோவைப் பார்த்தார். அந்த மனிதர் ஒரு பெட்டியில் கரியைப் போட்டு, இறைச்சியை உள்ளே தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார். அரைநாள் கழித்துத் திறந்தால் இறைச்சி பஞ்சு மாதிரி பிய்ந்து வருகிறது. தனபால் அதைப் பார்த்துவிட்டு என் வீட்டு வேலியோரம் ஓடி வந்தார்.

"ஏனுங்க, நம்ம மலைல இல்லாத விறகா? இல்லாத மிளகா? இல்லாத ஆடா?"

எல்லாம் இருந்தது. பெட்டிதான் இல்லை. அன்றைக்கு ஆரம்பித்தது எங்களுக்கு.

தார் டிரம்மை வெட்டிச் செய்துகொள்ளலாமே என்றேன். "மார்கழிக் காத்துல சூடு பூரா வெளிய போயிருமுங்க." முட்டை வடிவத்தில் கனமான மண்ணடுப்பு விற்கிறார்களாமே? "அடிவாரக் காரவள்ளியில இருந்து அத்தன வளைவு ஏறி வர்றதுக்குள்ள முட்டை ஆம்லெட் ஆயிரும்." தயாராக வருகிற வெளிநாட்டுப் பெட்டி? "பாத்தேன். கதவு இடது பக்கமாத் தொறக்குது." இடது பக்கமாகத் திறந்தால் கறி வேகாதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று சாப்பிடப் போயிருக்க முடியாது.

கடைசியில் நாமக்கல்லில், பேக்கரிகளுக்கு அடுப்பு செய்து தருகிற ஒருவரைப் பிடித்தார். வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவில் சூட்டை வெளியே விடாத ஒருவகைப் பஞ்சு. கீழே கரித்தட்டு, மேலே கறி மாட்டக் கொக்கி, உச்சியில் புகைபோக்கி. இரண்டு கை கரி போட்டால் பொழுதுக்கும் ஒரே சூட்டில் நிற்குமாம். ஆள் உயரத்தில், வெள்ளி நிறத்தில், கைப்பிடி வைத்த கதவோடு, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை ஏற்ற மேலே வந்த லாரியில் அது வந்து இறங்கியபோது தெருவே கூடிவிட்டது.

எதிர்வீட்டுச் சென்னம்மாள் சுற்றிவந்து பார்த்துவிட்டு, தனபாலின் மனைவி சுகுணாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பரவால்லயே கண்ணு! உங்கப்பாரு கோவத்த உட்டுட்டு பீரோ வாங்கி அனுப்பிட்டாரே!"

சுகுணா பாவம், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். அவளுடைய அப்பா மாதேஸ்வரன் கீழே காரவள்ளியில் இருக்கிறார். ஆயுசு முழுக்க லாரிக்குப் பாடி கட்டியவர். மகளின் புதுமனை புகுவிழாவுக்குத் தன் கையாலேயே ஓர் இரும்பு கேட் செய்து கொண்டுவந்து மாட்டினார். ஊரே பாராட்டியது. மாப்பிள்ளை மட்டும் குனிந்து, நிமிர்ந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, பந்தியில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "கீலு ஒரு நூலு கோணலா இருக்குதுங்க மாமா" என்றார். மாதேஸ்வரன் இலையை மடக்கினார். "இனி இந்த ஊட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மலை இறங்கியவர்தான். பேத்தி காதுகுத்துக்கு வந்தபோதுகூடத் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

தனபாலுக்கு அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பெட்டி வந்த அன்றே மனைவியிடம், "மாமாவுக்கு ஆட்டுத்தொடைன்னா உசுரு. இதுல ஒரு தொடைய வேக வெச்சுப் போட்டா அவரு கை நனைக்காம எப்படிப் போறாருன்னு பாக்கறேன்" என்றார்.

சுகுணாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இந்த வாரமே வரச் சொல்லட்டுங்களா?"

"சொல்லலாம். ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குது."

வாசகரே, இந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். சாமான் திருத்தியின் தேசிய கீதம் இது.

கதவில் இருந்த சூடுகாட்டும் கடிகாரத்தின்மேல் தனபாலுக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டாவதாக ஒன்று வாங்கி மாட்டினார். அது வேறு கணக்குச் சொன்னது. இரண்டுக்கும் பஞ்சாயத்துப் பண்ண மூன்றாவது வந்தது; அது இரண்டோடும் சேராமல் தனியாக ஒன்று சொன்னது. பிறகு, நகர்த்த வசதியாகச் சக்கரம் வைத்தார். சக்கரம் வைத்ததும் பெட்டி சரிவில் இறங்கி என் வேலியில் முட்டியது. ஆகவே சக்கரம் உருளாதபடி செங்கல் வைத்தார். காற்று ஊத பழைய கம்ப்யூட்டரின் விசிறி, உள்ளே பார்க்க ஒரு விளக்கு, விளக்கு சூட்டில் உருகியதால் அது உருகிய இடத்தைச் சுரண்ட ஒரு கரண்டி, பெட்டி நனையாமல் இருக்கத் தலைக்குமேல் ஒரு கூரை, கூரையில் புகை தேங்கியதால் கூரையில் ஒரு ஓட்டை, ஓட்டை வழியாக மழை ஒழுகியதால் பெட்டிக்கு ஒரு மழைக்கோட்டு. மிளகு பூத்தது, காய்த்தது, பறித்துக் காயப்போட்டும் ஆயிற்று. பெட்டிக்குள் ஒரு கோழிக்கால்கூடப் போகவில்லை.

எந்த விறகின் புகை உசத்தி என்ற ஆராய்ச்சி வேறு. பலா, கொய்யா, காப்பிச்செடி என்று ஒவ்வொன்றாகப் போட்டு, வெறும் பெட்டியில் புகையவிட்டு, புகைபோக்கியில் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பார். கதவோரம் புகை கசிகிறது பாருங்கள் என்று தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார்; எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் புகை அப்படியே என் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டில் அப்போது துணி, தலையணை, தயிர் எல்லாமே பக்குவமாகப் புகையூட்டப்பட்டிருந்தன.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சுகுணா, ஒருநாள் அவரைக் கேட்காமலே அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம அப்பா வாராரு. சாப்பாட்டுக்குன்னுதான் சொல்லியிருக்கறேன்."

"ஐயோ! புகைபோக்கிக்கு மூடி வரலியே!"

"மூடிக்கு நான் சமைக்கப் போறதில்லீங்க. அப்பாவுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே தனபால் கரி பற்றவைத்தார். மிளகும் உப்பும் பூண்டும் தடவிய பெரிய ஆட்டுத்தொடையைக் கொக்கியில் மாட்டிக் கதவைச் சாத்தினார். சுகுணா என்னையும் கூப்பிட்டிருந்தாள். "சண்ட வந்தா வெலக்கி உடோணுமுங்க" என்றாள். நடுவராகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்தப் பெட்டி அன்று அருமையாக வேலை செய்தது. மூன்று கடிகாரங்களும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே கணக்கைச் சொன்னன. புகைபோக்கியிலிருந்து மெல்லிய நீலப் புகை நூல் மாதிரி போயிற்று. கொழுப்பு உருகும் வாசனைக்குச் சென்னம்மாள் வீட்டிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சாதாரண மனிதன் அப்படியே விட்டுவிட்டு முகம் கழுவப் போயிருப்பான். தனபால் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, கறி உள்ளே இருப்பதால் எதையும் திருத்த வழியில்லாமல், பெற்ற பிள்ளையைத் தொலைத்தவரைப்போல் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மாதேஸ்வரன் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் தண்ணீர் பாட்டில். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பெட்டியிடம் போய், அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"சுகுணா, உங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லு. நெருப்பு அணைஞ்சு போச்சு. பொட்டி சில்லுனு கெடக்குது."

"சுகுணா, உங்கப்பாகிட்டச் சொல்லு. வெளிய சில்லுனு இருந்தாத்தான் உள்ள சூடு நிக்குதுன்னு அர்த்தம்."

"சுகுணா, அப்பிடின்னா எங்கூட்டு மாட்டுத்தண்ணிக் குளுதானிக்குள்ளயும் கறி வேகுதான்னு கேளு."

சுகுணா இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலி எடுத்து நின்றாள். கேளு, சொல்லு என்று அவர்கள் நடுவில் போன தபாலையெல்லாம் நான் இங்கே எழுதினால் பக்கம் போதாது. ஆனால் மாதேஸ்வரன் பேச்சை நிறுத்திவிட்டார். கதவின் கீல் பக்கம் குனிந்தார். ஒற்றைக் கண்ணை மூடினார்.

"கதவு உக்காரல" என்றார் மெதுவாக. "இந்தா, இங்க. மயிரு கனத்துக்குப் புகை வருது."

தனபாலின் முகத்தைப் பார்த்தேன். கேட் விஷயத்துக்குப் பழிவாங்குகிறார், இனி அவ்வளவுதான் என்று நாற்காலியைவிட்டு எழுந்தேன். தனபாலின் கண்கள் கலங்கியிருந்தன.

"உங்களுக்குத் தெரியுதுங்களா மாமா?" என்றார். "மாசக்கணக்கா இவங்க எல்லாத்துகிட்டயும் காட்டறேன். ஒருத்தருக்கும் தெரிய மாட்டேங்குது!"

"தெரியாம என்னங்க மாப்ள! குளிர்சாதன லாரிக்கு எத்தன கதவு மாட்டியிருக்கறேன். கீலு கீழ எறங்கியிருக்குது. கழட்டி மாட்டுனா ஒரு நிமிச வேலை."

"இப்பவேங்களா? உள்ள தொடை இருக்குதுங்களே."

"தொடை எங்க போயிரப் போவுது? கதவு முக்கியமில்லீங்களா?"

சத்தியமாகச் சொல்கிறேன், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்த அந்தப் பார்வையை நான் கல்யாண வீடுகளில்கூடக் கண்டதில்லை. மறுநிமிடம் மாதேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டினார். தொடை கொக்கியிலிருந்து இறங்கித் துணி துவைக்கும் கல்லின்மேல் ஒரு குண்டாவுக்குள் போய் உட்கார்ந்தது. கரி வெளியே இழுக்கப்பட்டது. கதவு கழன்றது. கதவு கழன்றதும் உள்ளே பஞ்சு ஒரு மூலையில் இறங்கியிருப்பது தெரிந்தது. அதைச் சரிசெய்ய உள்தகட்டைக் கழற்றினார்கள். தகட்டைக் கழற்றியதும் புகைபோக்கி தானாகவே கையோடு வந்துவிட்டது. "இதுவும் நல்லதுக்குத்தான்" என்றார் மாதேஸ்வரன். "இத ஓரமா வெச்சிருக்கோணும். நடுவுல எவன் வெச்சான்?"

"நானும் அதத்தாங்க மாமா சொன்னேன்!"

சுகுணா கொஞ்சநேரம் பார்த்தாள். குண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தொடையைத் துண்டு போட்டு, மசாலா அரைத்து ஊற்றி, குக்கரை மூடினாள். விசில் அடித்தது. சென்னம்மாளுக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது, எங்கள் ஊர் ஏரிக்கரையில் படகுச் சவாரிக்குக் காத்திருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். அந்த இருவருக்கும் கேட்கவில்லை.

பாதி புகையிலும் பாதி குக்கரிலும் வெந்த அந்தக் குழம்பைப்பற்றி நான் என்ன சொல்ல? இரண்டாவதுமுறை சோறு வாங்கினேன். மூன்றாவதுமுறை நான் கேட்கவே இல்லை, தட்டுதான் நீண்டது.

வெளியே இருவரும் கரியும் எண்ணெயுமான கைகளைக் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை. சுகுணா சோற்றைக் குழம்பில் பிசைந்து எடுத்துப்போய், உருண்டை பிடித்து இருவர் கையிலும் மாறி மாறி வைத்தாள். மாதேஸ்வரன் பேச்சை நிறுத்தாமலே வாங்கி வாங்கி விழுங்கினார். எலும்பைக்கூட உறிஞ்சிவிட்டு, அதையே அளவுகோலாக வைத்துத் தகட்டில் கோடு கிழித்தார். கடைசி உருண்டை போனபிறகுதான் தனபால் திடுக்கிட்டுத் துவைக்கும் கல்லைப் பார்த்தார்.

"சுகுணா! தொடை எங்க?"

"இத்தன நேரம் என்னத்தத் தின்னீங்களாம்?"

மாதேஸ்வரன் தன் கையைப் பார்த்தார். விரலெல்லாம் குழம்பு. மகளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீரோடு நின்றிருந்தாள்.

"அப்பா," என்றாள், "கை நனைச்சுட்டீங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்ததில் முகம் முழுக்கக் கரியாயிற்று.

"இது கை நனைக்கறதுல சேராது சாமி. வேலைக்கு நடுவுல சாப்புடறது வேற கணக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் கொஞ்சம் இருக்குதா?" என்றார்.

அன்று மாலை கடைசி பஸ்ஸில் கதவோடுதான் மலை இறங்கினார். பட்டறையில் வைத்துத் திருத்திக் கொண்டுவருவதாக ஏற்பாடு. கண்டக்டர் கதவுக்கும் டிக்கெட் கேட்டார் என்று கேள்வி. அடுத்த ஞாயிறு கதவோடு வந்தார், அதற்குள் தனபால் கதவு மாட்டும் சட்டத்தை மாற்றியிருந்ததால் கதவு சேரவில்லை, திரும்ப எடுத்துப்போனார். இப்போது ஞாயிறுதோறும் வருகிறார், வயிறாரச் சாப்பிடுகிறார், பேத்தியோடு விளையாடுகிறார், கதவோடு போகிறார். கதவில்லாத பெட்டிக்குள் சுகுணாவின் கோழி அடைகாக்கிறது. அந்தப் பெட்டி சூட்டை நன்றாகத்தான் காக்கிறது. வைத்த முட்டைகள் எல்லாமே குஞ்சு பொரித்துவிட்டன. சுகுணாவுக்கு ஒரே ஒரு பயம்தான். என்றைக்காவது அந்தக் கதவு சரியாக உட்கார்ந்துவிடுமோ என்று.

இவ்வளவையும் படித்துச் சிரித்தீர்கள், நல்லது. தனபாலும் மாதேஸ்வரனும் வேறு இனம், நாம் வேறு இனம் என்று நிம்மதியாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு தகடுகளுக்கும் நடுவில் வைத்த பஞ்சு எத்தனை அங்குலக் கனம் என்று நான் கடைசிவரை சொல்லவே இல்லை. அது உங்களுக்குக் கொஞ்சம் நெருடுகிறதா? சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிறதா?

தோன்றினால், ஸ்பேனரைக் கீழே வையுங்கள். உள்ளே சோறு ஆறுகிறது.